சருகு நின்ற இடம்

அப்பா லஸ்கராக இருந்தார். இந்த வார்த்தை இப்போது பலருக்குத் தெரியாது. பொதுப்பணித் துறையில் மதகு திறப்பது, மூடுவது, கால்வாயைச் சுற்றி வருவது, நீர்மட்டம் பார்த்து நோட்டில் எழுதுவது எல்லாம் செய்யும் கடைநிலை ஊழியர். ஷட்டர் சுழற்றும் கைப்பிடி அவரிடம் இருக்கும் என்பதால் வயல்காரர்கள் 'லஸ்கரய்யா' என்று கூப்பிடுவார்கள். தண்ணீர் வராத வருஷத்தில் வேறு மாதிரி கூப்பிடுவார்கள்.

தர்மபுரி மாவட்டத்தில், மலையடிவாரத்தில் உள்ள ஒரு சின்ன அணை. பெயர் வேண்டாம், இந்தக் கதையில் குற்றவாளி நான்தான். ஆறு அணைக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று மேலே ஓர் அளவுகல் நட்டிருந்தார்கள். வெள்ளை எனாமல் தகட்டில் கறுப்பு எண்கள், அடிக்கு அடி பெரிய எண், நடுவில் பத்துக் கோடுகள். தினமும் காலை எட்டு மணிக்கு அப்பா அங்கே இறங்கிப் பார்த்து, மழைமானியில் சேர்ந்த நீரையும் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி அளந்து, இரண்டையும் நீளமான பதிவேட்டில் எழுதிவிட்டு அலுவலகத்துக்குப் போன் செய்வார். தீபாவளி, பொங்கல், தாத்தா செத்த மறுநாள், எதற்கும் விடுமுறை இல்லை.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஐப்பசியில் ஒருநாள் அவருக்குக் கடுமையான காய்ச்சல். "போய்ப் பாத்துட்டு வந்து எழுதி, போன் பண்ணிடு" என்று என்னை அனுப்பினார். ராத்திரி மழை பெய்து முடிந்திருந்தது. கல்லுக்குப் போகும் தடம் முழுக்க வழுக்கல். பாதி வழியில் நின்று யோசித்தேன். முந்தின நாள் 2.3 அடி. மழை பெய்திருக்கிறது, கொஞ்சம் ஏறியிருக்கும். வீட்டுக்குத் திரும்பி 2.6 என்று எழுதினேன். கையெழுத்து அப்பாவுடையதைப் போலவே இருந்ததில் ஒரு பெருமை வேறு. அதே எண்ணைப் போனிலும் சொன்னேன்.

சாயங்காலம் காய்ச்சல் விட்டதும் மனுஷன் கேட்காமல் ஆற்றுப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்.

"காலைல போய்ப் பாத்தியாடா?"

"பாத்தேன்பா."

"சருகு எங்க நிக்குதுன்னு பாத்தியா?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. வெள்ளம் வடியும்போது, அது எட்டிய உச்சியில் காய்ந்த இலை, குச்சி, நுரை எல்லாம் ஒரு கோடாக ஒட்டி நின்றுவிடும். அன்று அந்தக் கோடு அளவுகல்லில் ஆறரை அடியில் நின்றிருக்கிறது. ராத்திரியில் ஒரு வெள்ளம் வந்து போயிருக்கிறது, யாருக்கும் தெரியாமல். பதிவேட்டில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு: இரவில் எட்டிய அதிகபட்ச மட்டம். நான் அதில் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தேன், எதுவும் இல்லை என்று அர்த்தம். அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மறுநாள் போனில் திருத்தம் சொன்னார். ஆனால் அந்த வாரத் தாள் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. திருத்தம் எந்த நோட்டில் ஏறியது, ஏறியதா என்பது அவருக்கும் கடைசிவரை தெரியாது.

நான் சிவில் டிப்ளமா முடித்து, ஓசூரில் ஒரு தனியார் சர்வே அலுவலகத்தில் சேர்ந்தேன். ஓடைகள், சிற்றாறுகளில் தண்ணீரின் வேகத்தை அளப்பதும் எங்கள் வேலைகளில் ஒன்று. அதற்கான கருவியை எல்லோரும் கரண்ட் மீட்டர் என்றுதான் சொல்வோம். மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு அச்சைச் சுற்றி சின்னச் சின்னக் கிண்ணங்கள், அவ்வளவுதான். தண்ணீரில் இறக்கினால் கிண்ணங்கள் சுழலும், ஒவ்வொரு சுற்றுக்கும் காதில் மாட்டிய ஹெட்போனில் ஒரு 'டிக்'. கையில் ஸ்டாப்வாட்ச்.

ஆற்றை அளப்பது என்றால் கரையில் நின்று ஒரு எண்ணைச் சொல்வதல்ல. குறுக்கே கயிறு கட்டி, ஆற்றைப் பல பட்டைகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையிலும் ஆழம் பார்க்க வேண்டும். அப்புறம் மீட்டரை மேற்பரப்பிலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்துக்கு இறக்கி வேகம் பார்க்க வேண்டும், அங்கே கிடைக்கும் வேகம்தான் அந்தப் பட்டையின் சராசரிக்கு நெருக்கமாக இருக்கும். ஆழம் அதிகமென்றால் பத்தில் இரண்டிலும் எட்டிலும் இரண்டு முறை அளந்து சராசரி. பரப்பையும் வேகத்தையும் பெருக்கி, எல்லாப் பட்டைகளையும் கூட்டினால் அன்று வினாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்று தெரியும். இப்படிப் பல மட்டங்களில் அளந்து, 'இத்தனை அடி மட்டமென்றால் இத்தனை கன அடி' என்று ஒரு வளைகோடு போட்டு வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு தினமும் மட்டத்தை மட்டும் படித்தால் போதும். அப்பா படித்த 2.3-க்குப் பின்னால் யாரோ இடுப்பளவு தண்ணீரில் நின்ற நாட்கள் இருக்கின்றன.

ஒருமுறை எங்கள் மீட்டர்கள் இரண்டைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு புனே போக வேண்டியிருந்தது. கிண்ணங்கள் தேயும், அச்சு இறுகும், அதனால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இவற்றைச் சரிபார்த்துச் சான்று வாங்க வேண்டும். அதைச் செய்யும் இடங்களில் முக்கியமானது புனேவுக்கு அருகே கடக்வாஸ்லாவில் உள்ள மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம். ஓசூரிலிருந்து பஸ் பிடித்து பெங்களூரு போய், அங்கிருந்து உத்யான் எக்ஸ்பிரஸ். மீட்டர் பெட்டியை வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தேன். எதிர் சீட்டுப் பாட்டி அதற்குள் சாமி விக்ரகம் இருப்பதாகவே முடிவு செய்துவிட்டார்.

அந்த நிலையம் 1916-இல் பம்பாய் மாகாணம் தன் பாசனப் பிரச்சினைகளுக்காகத் தொடங்கிய ஒரு சின்னப் பிரிவு. 1936-இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. கடக்வாஸ்லா அணைக்குக் கீழே, மேட்டிலிருந்து தண்ணீர் தானாக இறங்கி வரும் இடமாகப் பார்த்து அமைத்திருக்கிறார்கள். 1961 ஜூலை 12-ஆம் தேதி பான்ஷெட் அணை உடைந்து, அந்த வெள்ளத்தில் கடக்வாஸ்லா அணையும் போய், புனே நகரமே மூழ்கியது. தண்ணீரை ஆராயும் இடம் அதே பள்ளத்தாக்கில் இருக்கிறது. போகும் வழியில் இதை ஆட்டோக்காரர் சொன்னார், என்னவோ போன வாரம் நடந்ததைப் போல.

மீட்டர் சோதனை நடக்கும் விதம் எனக்கு இன்னும் ஆச்சரியம். ஆற்றில் மீட்டர் நிற்கும், தண்ணீர் ஓடும். இங்கே தண்ணீர் நிற்கிறது, மீட்டர் ஓடுகிறது. நீளமான கான்கிரீட் தொட்டி, இருபுறமும் தண்டவாளம், மேலே ஒரு தள்ளுவண்டி. வண்டியில் மீட்டரைத் தொங்கவிட்டு, திட்டமிட்ட வேகத்தில் வண்டியை ஓட்டுகிறார்கள். எத்தனை சுற்று, எத்தனை வினாடி என்று பதிவாகிறது. மெதுவாக ஒரு ஓட்டம், இன்னும் கொஞ்சம் வேகமாக ஒரு ஓட்டம் என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் அந்த ஒரு மீட்டருக்கு மட்டும் பொருந்தும் ஒரு சமன்பாட்டை எழுதித் தருவார்கள். எங்கள் பெட்டியில் இருந்த இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். சமன்பாடுகள் வேறு வேறு.

ஒரு ஓட்டம் முடிந்து அடுத்தது தொடங்க நேரமாகும். தண்ணீர் அடங்க வேண்டும். கண்ணுக்கு அலை எதுவும் தெரியாது, தொட்டி கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனாலும் காத்திருப்பார்கள். "உள்ளே இன்னும் நகர்கிறது" என்றார் அங்கிருந்தவர். நான் ஏதோ கேட்டுச் சிரித்தபோது அவர் என் பல்லைப் பார்த்தார். "ஃபுளோரைடு ஊரா?" என்றார். தர்மபுரி என்றேன், தலையாட்டினார். எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு முன்பல்லில் காவிக்கோடு உண்டு. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தரம். எங்கள் ஆழ்துளைக் கிணறுகள் அதைத் தாண்டிப் பல காலம் ஆகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்த பிறகு என் அக்கா பிள்ளைகளின் பல் வெள்ளையாக முளைத்திருக்கிறது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

காத்திருந்த நேரத்தில் அனுமதி வாங்கி, ஆறுகளையும் அணைகளையும் சிறிதாக்கிக் கட்டிய மாதிரிகளைப் பார்க்கப் போனோம். ஒரு பெரிய கொட்டகைக்குள் வட இந்திய ஆறு ஒன்று படுத்திருந்தது. கரை, வளைவு, நடுத்திட்டு, குறுக்கே அணை, அதன் மதகுகள். ஆளுயரத்துக்கும் குறைவான அணையில் தண்ணீர் வழிந்து, கீழே சுருண்டு, வெள்ளையாகக் கொந்தளித்து, அப்புறம் அமைதியாகப் போனது. குழந்தைகளைக் கூட்டி வந்தால் காகிதக் கப்பல் விட்டுவிடுவார்கள்.

ஐம்பதில் ஒரு பங்கு மாதிரி என்று வைத்துக்கொள்வோம். நீளமும் உயரமும் ஐம்பதில் ஒரு பங்கு. வேகம் அப்படிக் குறையாது. புவியீர்ப்பு இரண்டுக்கும் ஒன்றே என்பதால் வேகம் ஐம்பதின் வர்க்கமூலம், அதாவது சுமார் ஏழில் ஒரு பங்காகத்தான் குறையும். நேரமும் அப்படியே: நிஜத்தில் ஒருநாள் முழுக்க ஓடும் வெள்ளம் மாதிரியில் மூன்றரை மணி நேரத்துக்குள் கடந்துவிடும். ஓட்டத்தின் அளவோ சுமார் 17,700-இல் ஒரு பங்காகிவிடும். நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் திறந்தது வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி. அந்த வெள்ளத்தை ஐம்பதில் ஒரு பங்கு மாதிரியில் ஓட்ட வேண்டுமென்றால் ஒன்பதரை கன அடி போதும். எங்கள் அப்பா ஒற்றை ஷட்டரைக் கொஞ்சம் தூக்கினால் வந்துவிடும்.

இப்படிச் சுருக்கும்போது சில விஷயங்கள் சுருங்க மறுக்கும். காற்றுக் குமிழிகள் மாதிரியில் ஐம்பதில் ஒரு பங்காகிவிடுவதில்லை. மணலையும் அப்படி நுணுக்கினால் அது மாவாகி, மணலைப் போல நடந்துகொள்ளாது. அதனால் கனம் குறைந்த நிலக்கரித் தூள் போன்றவற்றைப் போட்டுப் பார்ப்பதும் உண்டு. இருந்தாலும் மணல் விஷயத்தில் இந்த நிலையத்தின் பெயர் பழையது. 1945 வரை இதை நடத்திய கிளாட் இங்கிலிஸ் என்ற பொறியாளர், சிந்து ஆற்றின் சுக்கூர் அணைக்கட்டில் வலதுகரைக் கால்வாய்களுக்குள் வண்டல் புகுந்து அடைத்ததற்கு இங்கே மாதிரி கட்டித்தான் வழி கண்டார். வளைவில் ஓடும் ஆற்றில் மேல்நீர் வெளிப்பக்கம் தள்ளப்படும், மணல் சுமந்த அடிநீர் உள்பக்கம் ஒதுங்கும். கால்வாய்க்கு வெளிப்பக்கத்து நீர் கிடைக்கும்படி ஆற்றை வளைத்து வரவைத்தால் மணல் குறையும். எங்கள் பக்கத்தில் ராத்திரியில் மணல் அள்ளுபவர்கள் எவரும் வெளிவளைவில் வண்டியை நிறுத்தியதில்லை. அவர்களுக்கு இங்கிலிஸைத் தெரியாது.

வண்டல் என்றதும் எனக்கு நினைவு வருவது கிருஷ்ணகிரி அணைதான். 1957-இல் கட்டி முடித்தபோது 2.41 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) பிடித்தது, இப்போது 1.67 டிஎம்சிக்கும் சற்றுக் குறைவு. மீதி இடத்தில் மண் இருக்கிறது. 52 அடி நிரம்பியது என்று செய்தி வரும்போது அடியில் எவ்வளவு சேறு என்று யாரும் கேட்பதில்லை. 2017 நவம்பரில் அதன் எட்டு ஷட்டர்களில் ஒன்று உடைந்து, நிறைந்திருந்த தண்ணீர் சீறிப் போனதைப் பார்க்க ஊரே திரண்டது. மாதிரிக்குத் துருப் பிடிக்காது என்று அன்று என் கூட நின்ற நண்பன் சொன்னான். அவனும் சர்வே ஆள்தான்.

சரி, கொட்டகைக்கு வருகிறேன். அங்கிருந்த இளம் பொறியாளர் ஒருவர் தரையில் கூழாங்கற்களை ஒட்டிக்கொண்டிருந்தார். அழகுக்காக என்று நினைத்தேன். கேட்டபோது விளக்கினார். மாதிரியைக் கட்டியதும் அணை எப்படி இருக்க வேண்டும் என்ற சோதனைக்கு நேரே போக மாட்டார்கள். முதலில், அந்த ஆற்றில் ஏற்கெனவே வந்த ஒரு வெள்ளத்தை மாதிரியில் விடுவார்கள். அந்த நாளில் இன்ன இடத்தில் தண்ணீர் இத்தனை அடி உயர்ந்தது என்று களத்திலிருந்து வந்த பதிவு இருக்கும். மாதிரியிலும் அதே இடத்தில் அதே உயரம் வர வேண்டும். வரவில்லையென்றால் தரையின் சொரசொரப்பை மாற்றுவார்கள். தண்ணீர் உயரம் குறைவாக வந்தால் கற்களை ஒட்டித் தடையைக் கூட்டுவார்கள். அதிகமாக வந்தால் வழுவழுப்பாக்குவார்கள். மாதிரி பழைய வெள்ளத்தைச் சரியாகச் சொன்ன பிறகுதான் புதிய வெள்ளத்தைப் பற்றி அதனிடம் கேட்பார்கள்.

"பதிவு தப்பாக இருந்தால்?" என்று கேட்டேன்.

"தப்புக்குத் தகுந்த மாதிரி கல் ஒட்டுவோம். எங்களுக்கு எப்படித் தெரியும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு 2.6 நினைவுக்கு வந்தது. எங்கள் சின்ன ஆற்றுக்கு யாரும் மாதிரி கட்டப் போவதில்லை, அது எனக்கும் தெரியும். இருந்தாலும் ஏதோ ஒரு பதிவேட்டில், அப்பாவின் கையெழுத்தைப் போலவே ஒரு கையெழுத்தில், ஒரு வெள்ளம் வரவே இல்லை என்று எழுதியிருக்கிறது. நாளை யாராவது அந்த ஆற்றில் ஒரு சிறுபாலம் கட்ட, முப்பது வருஷப் பதிவைப் புரட்டினால், ஐப்பசியில் அந்த ராத்திரி வறண்டு கிடக்கும். பாலத்தின் கண்ணை எவ்வளவு உயரத்தில் வைக்கலாம் என்று அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்.

இந்த நிலையங்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கணினி, செயற்கைக்கோள், பெரிய பெரிய மாதிரி என்றுதான் பேசுகிறார்கள். நம் மாநிலத்துக்கும் பூண்டியில் ஒன்று இருக்கிறது, நீரியல் ஆய்வு நிலையம், 1944-இல் பூண்டி நீர்த்தேக்கத்தை ஒட்டித் தொடங்கியது. ரூர்க்கியில் 1978-இல் வந்த தேசிய நீரியல் நிறுவனம் இருக்கிறது. இவை எல்லாமே எட்டு மணிக்கு ஒருவர் வழுக்கும் கல்லில் இறங்கினார் என்ற நம்பிக்கையின் மேல் நிற்பவை. அந்த ஆளுக்கு ரெயின்கோட் உண்டா, டார்ச்சில் பேட்டரி உண்டா, அவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டார்களா என்று எந்த ஆய்வறிக்கையிலும் வருவதில்லை. தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டனவே என்பார்கள். வந்துவிட்டன, நல்லதுதான். அவற்றின் சோலார் தகட்டைத் துடைக்கவும் ஒரு ஆள் வேண்டும்.

அளவுக்கு மரியாதை கிடைக்கும் ஒரே இடம் எங்கள் பக்கத்தில் பிலிகுண்டுலு. காவிரி தமிழகத்துக்குள் வரும் இடத்தில், ஒகேனக்கல்லுக்கு மேலே, மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. 2007-இல் காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பில் தமிழகத்துக்கு வருஷத்துக்கு 192 டிஎம்சி, 2018-இல் உச்ச நீதிமன்றம் குறைத்து 177.25 டிஎம்சி, இரண்டுமே அங்கே எடுக்கும் அளவை வைத்துத்தான். காவேரிப்பட்டினம் டீக்கடையில் 'இன்னிக்கு பத்தாயிரம் கன அடி' என்று ஒருவர் சொல்வார், 'அப்ப மேட்டூர் ரெண்டு நாள்ல ரொம்பிடும்' என்பார் இன்னொருவர். 11,574 கன அடி ஒருநாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டிஎம்சி என்று நான் சொன்னால், "நீ சர்வேகாரன், உனக்கு எல்லாம் கம்மியாத்தான் தெரியும்" என்று பதில் வரும்.

கடக்வாஸ்லாவிலிருந்து வந்த பிறகு வெள்ளம் என்றால் நான் முதலில் தேடுவது சருகைத்தான். 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. ஏரி நிறைந்து வழிந்து, சாலையில் நின்ற வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போன காட்சியை எல்லோரும் போனில் பார்த்தோம். அதைச் சுற்றியுள்ள ஓடைகளில் எவ்வளவு ஓடியது என்று அளக்க அந்த ராத்திரி எந்த மீட்டரும் இறங்கியிருக்க முடியாது. அப்படிப்பட்ட நேரத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான். வெள்ளம் சுவரில் விட்டுப்போன சேற்றுக்கோட்டை ஓடை நெடுகப் பல இடங்களில் பிடித்து, லெவல் கருவி வைத்து உயரம் எடுத்து, ஓடையின் சரிவையும் குறுக்குவெட்டையும் அளந்தால், எவ்வளவு ஓடியிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். ஒரு சிறுபாலம் வேலைக்காக எங்கள் அலுவலகத்துக்கு அந்தக் கணக்கு தேவைப்பட்டது.

எங்களுக்கு வேலை வந்து சேர்ந்தபோது மார்கழி பாதி ஆகிவிட்டது. பொங்கலுக்கு வீடு வீடாகச் சுண்ணாம்பு அடிக்கும் நேரம். வெள்ளம் வந்த தெருவில் சுவரைக் கழுவி வெள்ளை பூசத்தான் யாருக்கும் தோன்றும். சேற்றுக்கோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? நாங்கள் பிரஷ்ஷுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தோம். ஒரு தெருவில் முதல் நாள் ஏழு வீட்டில் கோடு இருந்தது. மறுநாள் லெவல் கருவியோடு போனால் நாலு.

ஓடை வளைவை ஒட்டி ஒரு வீடு இருந்தது. கணக்குக்கு அதுதான் முக்கியமான இடம். முதல் நாள் போனபோது அந்த வீட்டுப் பெரியம்மா வாசலில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார். சுவரில் என் மார்பு உயரத்தில் செம்மண் கோடு, அதில் இரண்டு மூன்று புங்க இலை ஒட்டியிருந்தது. எதற்கு அளக்கிறோம் என்று சொன்னேன். "பாலம் எப்பக் கட்டுவீங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்பறம் எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லிவிட்டு வாளியைக் கலக்கினார். அன்று வெளிச்சம் போய்விட்டது, கருவியை நிறுத்த முடியவில்லை.

மறுநாள் காலையில் போனபோது வீடு முழுக்கப் பளீரென்று வெள்ளை. சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"இந்தப் பக்கம் வா தம்பி" என்று பெரியம்மா வீட்டின் ஓரத்துக்குக் கூப்பிட்டார். மூலையில் ஒரு முழ அகலத்துக்குச் சுண்ணாம்பு படாமல் விட்டிருந்தார். செம்மண் கோடு அப்படியே இருந்தது. இலைகளும் இருந்தன. கோழி ஏறிக் கிளறாமல் இருக்க முன்னால் ஒரு முறத்தைச் சாய்த்து வைத்திருந்தார்.

"மருமகள் திட்டுறா, வீடு அசிங்கமா இருக்குன்னு. சீக்கிரம் அளந்துட்டுச் சொல்லு, பூசிடறேன்."

முறத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அளவுகோலைக் கோட்டின் மேல் நிறுத்தினேன்.